கிரீன் சர்க்கிள்

ஏழு வருஷம் ஊசி எனக்கு மட்டும்.
வள்ளிமலைப் படிகளும் எனக்கு.
இன்றைக்குத்தான் அவர் ரிப்போர்ட்:
எண்ணிக்கை குறைவு,
அசைவு அதைவிடக் குறைவு.
பேனாவை மூடாமல் டாக்டரம்மா கேட்டார்,
புகைப் பழக்கம் உண்டா?

பீடிகூடத் தொட்டதில்லம்மா என்றவர்
கொஞ்சம் கழித்து,
கிரீன் சர்க்கிள்ல நிக்கிறேன்,
பதினோரு வருஷமா.

பெங்களூர் லாரி, ராணிப்பேட்டை டேங்கர்
எல்லாவற்றையும்
ரெண்டு விரலில் நகர்த்துகிற மனுஷன்
ஆட்டோவில் அசையாமல் வந்தார்.

போனில் மாமியார்:
அவளுக்கு என்னவாம்?
அவளுக்கு ஒண்ணுமில்ல.
முதல் தடவையாக
மகன் வாயால் கேட்டிருப்பார்.

ராத்திரி வெள்ளைச் சட்டையை அலசினேன்.
மூணாவது தண்ணியும் கறுப்பு.

மாஸ்க் வாங்கி வைத்திருந்தேன்.
எடுத்துப் பார்த்துவிட்டுத்
திரும்ப வைத்தார்.
போட்டால்
விசில் ஊத முடியாதாம்.