வெளியேறி, மறுபடி உள்ளே

ரொவனியெமியில் காலை பத்தாகியும் விடியவில்லை.
ஆற்றுப் பனியை அளக்கும் அலுவலகத்தில்
ஹில்க்காவுக்கு
ஒரே கணினி இரண்டு பதில் சொல்கிறது.

கறுப்புத் திரையில் பெயரை அடித்துத் திறந்தால்
தரவு இருக்குமிடம் நிரலுக்குத் தெரிகிறது.
அதே நிரலைப் படம் சொடுக்கித் திறந்தால்
அப்படியொரு மாறியா, கேள்விப்பட்டதே இல்லை
என்று கையை விரிக்கிறது.

பாஷ் கோப்பில் எழுதியிருந்தாள்.
முனையத்தின் காதில் மட்டும் ஓதிய சேதி;
மேசைத்திரை அந்தப் பக்கமே வருவதில்லை.

ஓலுவிலிருந்து, வாயில் கம்பு ரொட்டியோடு,
தொலைபேசியில் சொன்னேன்:
ஈடிசிக்குள் என்விரான்மென்ட் என்றொரு கோப்பு.
அதில் போடு, இருவருக்கும் பொது.

போட்டாள். பெயர், சமக்குறி, பாதை.
பழக்கத்தில் வந்த டாலர் குறியை
அழிக்கச் சொன்னேன்.
அங்கே எதுவும் விரியாது,
எழுதியது எழுதியபடி நிற்கும்.

சொடுக்கினாள்.
"இன்னும் தெரியாதாம்."

சொல்ல மறந்திருந்தேன்.
ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு
யாரும் போய்ச் சொல்வதில்லை.
நுழையும்போது கையில் கொடுப்பதுதான்.
வெளியேறி வா.

அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை.
நாற்பது நாளாக அவள் வெளியேறவில்லை.
பதினோரு சன்னல்கள்,
அதிலொன்றில் பாதி எழுதிய ராஜினாமா.

பிறகு கடவுச்சொல்லின் தட்டல்கள்.
"திறந்துவிட்டது. பாலத்தடியில்
நாற்பத்தேழு சென்டிமீட்டர்.
லாரியை அனுப்பலாம்."

கடிதம்?

"சேமிக்கலை," என்றாள்.
காபி ஊற்றும் சத்தம் கேட்டது.