குமிழ்

சின்னவிளை பக்கம் சாலைக்காகச்
சவுக்குகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.
ஆசாரிப்பள்ளம் பஸ் வர நேரமிருந்தது.
குனிந்து ஒரு வேரைத் தூக்கினேன்.
கருமணல் உதிர்ந்தது.

கைக்குள் அடங்கும் முடிச்சு.
வலையில் சிக்கிவரும் பவளப்பூண்டு மாதிரி
கிளை, கிளைக்குள் கிளை.
ஒவ்வொரு நுனியிலும் நூல்போல் ஒரு வேர்
கீழே இறங்காமல்
மேலே பார்த்து நின்றது.

நகத்தால் பிளந்தேன். உள்ளே சிவப்பு.
மீன் செவுள் அளவுக்கு இல்லை,
ஊசி குத்திய இடத்தில் பஞ்சை எடுத்தால்
தெரியுமே, அவ்வளவு.

லியோன்ஸ் வனத்துறை நாற்றங்காலில் இருக்கிறான்.
பழைய முடிச்சை அரைத்துத் தண்ணீரில் கலக்கி
கன்றுகளுக்கு ஊற்றுவது அவன் வேலை.
அவன் சொல்லித்தான் தெரியும்,
காற்றில் ஐந்தில் நாலு பங்கு
யாருக்கும் தின்னக் கிடைக்காத பூட்டிய காற்று.
அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி,
முடிச்சுக்குள் குடியிருக்கிற நுண்ணுயிரிடம்.
ஆக்சிஜன் பட்டால் சாவி பாழ்.
கடற்கரை வீட்டு ஆணிபோல் ஆகிவிடும்,
பிறகு தேய்த்துப் பயனில்லை.

ஆனால் பூட்டைத் திறக்கிற கைக்கு
மூச்சு வேண்டும்.
கொஞ்சநஞ்சமல்ல.

அதனால் சவுக்கு
அறையின் சுவரைக் கட்டையாக்கி வைத்திருக்கிறது.
அந்தச் சிவப்பு, நம் இரத்தத்துக்கு
ஒன்றுவிட்ட உறவாம்,
ஆக்சிஜனைக் கையோடு பிடித்துக் கூட்டிப்போய்
வழியில் எங்கும் விடாமல்
வாயிலேயே இடும், ஒன்றொன்றாய்.
இட்டது இட்டபடி எரிந்து தீரும்.
தரையில் ஒரு பருக்கை சிந்தாது.

முடிச்சை டிபன் மூடியில் வைத்துக்கொண்டு
பஸ் ஏறினேன்.

இரவு. ஆறு தொட்டில்.
மூன்றாவதில் பிரீடாவின் பிள்ளை,
இருபத்தொன்பது வாரம், ஆயிரத்து நாற்பது கிராம்.
இன்னும் பெயரில்லை,
காலில் கட்டிய பட்டையில் தாயின் பெயர்.
திரையில் தொண்ணூற்றாறு.
குமிழை முப்பதிலிருந்து
இருபத்தெட்டுக்குத் திருப்பினேன்.

கண்ணாடிக்கு வெளியே ததேயு பார்த்துவிட்டார்.
கதவைத் தட்டினார்.
கடியப்பட்டணத்துக்காரர், முந்தாநாள் கரையேறியவர்,
இன்னும் காலை அகட்டியே நிற்கிறார்.

"கொறச்சியளா சிஸ்டர்?"

"ஆமா."

"கடலுக்கு மேல அம்புட்டுக் காத்து கெடக்கு.
இத்துனூண்டு பிள்ளைக்குக் குடுக்கவா
கணக்குப் பாக்குதிய?
காசு வேணும்னா சொல்லுங்க,
எஞ்சினை விக்கேன்."

கண்ணுக்குப் பின்னால்
இரத்தக்குழாய் இன்னும் பாதி வழிதான் வந்திருக்கிறது,
காற்று மிஞ்சினால் அங்கேயே நின்றுபோகும்,
பிறகு வெறிபிடித்து
வேறு பக்கம் ஓடும், பார்வை போகும்
என்றெல்லாம் சொன்னேன்.
பாதிதான் கேட்டார்.
மூச்சு கொடுப்பதில் எப்படிக் கெடுதல் வரும்?
நானும் முதல் வருஷம் இதையே கேட்டேன்.

முடிச்சை எடுத்துக் காட்டலாமா என்று யோசித்தேன்.
மூடியைத் திறந்தால்
சிவப்பு போய்விட்டிருந்தது.
வெந்த பனங்கிழங்குத் தோலின் நிறம்.
நான்தான் பிளந்தேன்.
வெளிக்காற்று முழுதும் உள்ளே போய்விட்டது.

காட்டவில்லை.
வேர் வேறு, பிள்ளை வேறு.
முடிச்சில் யாருக்கும் கண் கிடையாது.
முடிச்சுக்கு வெளியே யாரும்
எஞ்சினை விற்பதாகச் சொல்வதும் கிடையாது.

இரண்டே முக்காலுக்குத் திரை இறங்கியது.
தொண்ணூற்றிரண்டு.
தொண்ணூறு.
எண்பத்தெட்டு, மணி அடித்தது.
விரல் குமிழ்மேல். திருப்பவில்லை.
உள்ளங்காலை லேசாகத் தடவினேன்.
விலா ஒருமுறை உள்ளே போய்
நின்று
வெளியே வந்தது.
எண்பத்தொன்பது.
தொண்ணூற்றொன்று.

வியாழக்கிழமை கண் டாக்டர் வருவார்.

நிமிர்ந்தேன்.
ததேயு கண்ணாடியில் நெற்றியை வைத்திருந்தார்.
அவர் விட்ட மூச்சு
ஒரு கைக்குட்டை அகலத்துக்குப் படிந்து,
சுருங்கி,
மறுபடி படிந்தது.