கீழ்ப்பல் என்றுதான் காட்டினான்

காற்று தகரக்கூரையைப் பிறாண்டும் ஊர்,
புவேர்த்தோ நத்தாலெஸ்.
உறிஞ்சுகுழல் பிடிப்பது என் வேலை.
ஒன்பது வருடமாய்ப் பிறர் வாயில்
நீர் தேங்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, கடைசி ஆளாக
எலெயுத்தேரியோ பரியா வந்தான்.
ராட்சத நண்டுக்குக் கூடை இறக்குகிறவன்.
நாலு ராத்திரி தூங்காத கண்.
கீழே, வலப்பக்கம், கடைசிக்கு முந்தையது
என்று விரலால் தொட்டுக் காட்டினான்.
பிடுங்கிவிடுங்கள். நாளை படகு.

மருத்துவர் ராயேன் கத்ரிலெயோ
பஞ்சை உறையவைத்து
அந்தப் பல்லில் ஒற்றினார்.
ஜில்லென்று இருக்கிறது, அவ்வளவுதான் என்றான்.
பக்கத்துப் பல். அதுவும் அவ்வளவுதான்.
ஒன்றும் பேசாமல் மேல்வரிசைக்குப் போனார்.

நாற்காலிக் கைப்பிடி
இன்னும் கொஞ்சம் ஆடுகிறது.

பற்கூழுக்குத் தன் முகவரி தெரியாது.
சூடு பட்டாலும் குளிர் பட்டாலும்
அதனிடம் இருப்பது ஒரே சொல்.
எந்த வீட்டில் குழந்தை அழுகிறது என்று தெரியாமல்
தெரு முழுக்க விளக்குப் போடுவதுபோல
தாடை முழுக்க விழித்துக்கொள்கிறது.

படம் எடுத்தோம்.
வெள்ளையாய் மேலே எனாமல்:
பல் முளைக்குமுன்பே
அதைக் கட்டியவர்கள் செத்துப்போனார்கள்,
விரிசல் விட்டால் பார்க்க ஆளில்லை.
அதற்கு அடியில் டென்டின்.
குண்டூசித் தலையளவு இடத்தில்
பல்லாயிரம் குழாய்கள்,
ஒவ்வொன்றிலும் இருக்கிறதோ இல்லையோ என்று நீர்.
குளிர் தொட்டால் நீர் அசைகிறது.
அசைந்த நீர் நரம்பைச் சுண்டுகிறது.
ஒரு பெரிய ஆளை
நாற்காலியிலிருந்து எழுப்பியது
அந்த அசைவுதான்.

டென்டினைக் கட்டுகிறவர்கள் மட்டும்
இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.
சுவருக்கு உட்புறம் நின்றே பூசுகிறார்கள்.
ஒரு பூச்சு, கொஞ்சம் பின்வாங்கல்,
மறுபடி பூச்சு, மறுபடி பின்வாங்கல்.
கட்டக் கட்டக் குறுகுவது
அவர்கள் குடியிருக்கும் அறை.
பரியாவின் படத்தில் அது
கிழவன் கண்போல் இடுங்கிக் கிடந்தது.
வயது நாற்பத்தாறு.

பல்லைக் கடிப்பீர்களா? கேட்டார் ராயேன்.
கடலில் யார் பல்லைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கிறார்கள்?
அது இல்லை. வேறு எதையாவது?
யோசித்தான்.
கயிறு நனைந்தால் முடிச்சு அவிழாது.
கை மரத்திருக்கும். அப்போது...
மேல்வரிசையை நாக்கால் தடவிக்கொண்டான்.
எத்தனை வருடம்?
பதினாறு வயதிலிருந்து.

முப்பது வருட முடிச்சுகள்.
ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே அவசரமாய்
ஒரு கோணல் பூச்சு பூசியிருக்கிறார்கள்.
கடைசியில் விரிசல் அவர்களை முந்திவிட்டது.

கை வீங்கும், கால் வீங்கும், ஈறு வீங்கும்.
இந்தச் சதைக்கு வீங்க இடமில்லை.
நாலு பக்கமும் சுவர்,
ரத்தம் வருவதும் போவதும்
வேர் நுனியின் ஊசித்துளை வழியே.
அங்கே நெருக்கிக்கொண்டு
தன்னைத்தானே நசுக்கிக்கொண்டிருந்தது.

மருந்து போட்டுத் திறந்தபோது
ஒரு சொட்டு, அடர்சிவப்பு.
நான் உறிஞ்சிவிட்டேன்.
இரண்டு வேர் சுலபமாய் வந்தது.
மூன்றாவதன் வாயைத் தேடி
முக்கால் மணிநேரம் குனிந்திருந்தார் ராயேன்,
நடுவில் ஒருமுறை கெட்ட வார்த்தையும் சொன்னார்.

முடிந்ததும் பார்க்கவேண்டும் என்றான்.
கம்பி நுனியில் காட்டினார்:
ஈரநூல்போல ஒன்று,
நண்டுக்காலில் ஒட்டியிருக்கும் நார் அளவு.
இதுவா? நாலு ராத்திரி இதுவா?
மரத்த வாயால் பாதிச் சிரிப்புச் சிரித்தான்.

அப்படியானால் இனிமேல் செத்த பல்லா?

குளிர் தெரியாது என்றார்.
ஆனால் வேரைச் சுற்றி, எலும்போடு பிணைத்து,
நார்கள் இருக்கின்றன. அவற்றைத் தொடவில்லை.
சோற்றில் ஒரு மணல் கிடந்தாலும்
எந்தப் பல்லில் என்று அவை சொல்லும்.

தலையாட்டினான்.
கடன் எவ்வளவு என்று என்னிடம் கேட்டான்,
பாதியை வெள்ளிக்கிழமை தருவதாய்ச் சொன்னான்.

வாசலில் மேலங்கியின் தொப்பிக் கயிறு
ஈரத்தில் இறுகியிருந்தது.
வாய்வரை கொண்டுபோனான்.
நின்றான். எங்களைப் பார்த்தான்.
பிறகு நகத்தால் நெம்பத் தொடங்கினான்.

நேரமாயிற்று.
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
காற்று உள்ளே வந்தது,
என் கடைவாய்ப் பல் ஒன்று கூசியது.