சனிக்கிழமைக்குள் ஒரு பல்

ஜூ சியாட் சாலையில்
ஃபோ கடைக்கு நேர் மேலே எங்கள் பல் மருந்தகம்.
படி ஏறத் தொடங்கும்போது அன்னாசிப்பூ மணக்கும்,
ஏறி முடித்தால் கிராம்புத் தைலம்.
நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினாள்
அந்த உயரமான பெண்.

பெயர் கேட்டேன்.
எது, என்றாள்.
கடவுச்சீட்டில் லே தி மோத்.
மேடையில் துவெத் ஞான்.
ஞான் என்றால் வெகுதூரம் போகும் ஒரு பறவையாம்.
எங்கள் புளோக்கில் மலையாளி அக்கா
தன்னைச் சொல்லிக்கொள்வதும் அதே சொல்தான்.
இரண்டு பெயரையும் எழுதி
நடுவில் ஒரு சாய்கோடு போட்டேன்.

தொழில்?
கீழே கடையில் கிண்ணம் கழுவுகிறேன்.
நான் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து
தளபதி, என்றாள்.

பாதி சீனம், பாதி ஆங்கிலம், மீதி கை.
அப்படித்தான் பேசினாள்.
பதினாறு வயதில் படகில் போகும் நாடகக் குழு.
முதல் வேடம் பிணம்.
மூன்றாம் இரவு பிணம் தும்மிற்று;
முதலாளி அரைக்கூலி பிடித்துக்கொண்டார்.
பிறகு உயரம் பார்த்து ஆண்வேடம்.
காலுக்குக் கட்டைச் செருப்பு, முதுகில் நாலு கொடி.
கூலி வாத்தாக வந்த வாரமும் உண்டு
(வாத்து என்பதை அவள் நடந்து காட்டித்தான்
புரிந்துகொண்டேன்).
எத்தனை தடவை செத்திருப்பீர்கள் என்றேன்.
கல்யாணத்துக்கு முன்பா, பின்பா?

ஸா தெக்கில் ஒரு மழை இரவு
பலகை வழுக்கி, எதிரியின் ஈட்டி வாயில் பட்டது.
மூங்கில்தான்.
பல்லுக்கு அது போதும்.
பாட்டு வரி பாதியில் நிற்கக் கூடாது என்பதால்
ரத்தத்தோடு பல்லையும் விழுங்கிவிட்டு
மீதியைப் பாடினாள்.
அன்றைக்குத்தான் அதிகக் கைதட்டல்.
நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள்.

சிங்கப்பூருக்கு வந்தது மூன்று இரவு ஆட்டத்துக்கு.
ஒலிபெருக்கி சரிசெய்ய வந்த சியா பூன் ஹெங்கால்
பத்தொன்பது வருடமாகிவிட்டது.

கட்டிய பல் இத்தனை காலம் தாங்கியது.
போன செவ்வாய், சூப் கொப்பரையைக் குனிந்து பார்க்கையில்
உள்ளே விழுந்தது.
யார் கிண்ணத்தில் போனதோ,
இதுவரை புகார் இல்லை, என்றாள்
குரலைத் தாழ்த்தி.

ஞாயிறு இரவு கேலாங்கில் கை லுவொங்.
அவள் அரசன்.
பெற்ற மகனைக் கொல்ல ஆணையிடும் காட்சி.
பல் இல்லாமல் ஆணையிட்டால்
விசிலடிக்கிறது.

சனிக்கிழமை, நாலு மணி.
டாக்டர் குவேக் நீட்டிய கண்ணாடியை அவள் பார்க்கவில்லை.
கழுத்தில் காகிதத் துண்டும் சங்கிலியுமாக
எழுந்து நின்றாள்.

முதலில் பேச்சு மாதிரிதான் இருந்தது,
மளிகைக் கடையில் கணக்குக் கேட்பது மாதிரி.
பிறகு சொல்மேல் சொல்லாக, மூச்சு விடாமல்,
இனி எங்கே வைப்பாள் என்று எனக்குப் பயம் வந்தபோது
எல்லாச் சொல்லையும் தூக்கிக்கொண்டு
ஒரே சுரத்தில்
இறங்கினாள்.

நிறுத்தினாள்.
எங்களைப் பார்த்தாள்.
வலிக்கிறதா, என்றார் டாக்டர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் இன்னும் எதற்கோ காத்திருந்தாள்.

வெளியே நாற்காலியில்
பாதிக் கன்னம் மரத்துப்போய்ப் பஞ்சைக் கடித்திருந்த
நகக்கடைப் பெண்
எழுந்து கை தட்டினாள், எச்சில் ஒழுக.
அந்த இறக்கத்தில் தட்டவேண்டுமாம்.
அந்த இடைவெளியே நமக்காக விட்டதுதானாம்.

நான் தட்டத் தொடங்கியபோது
அவள் பையைத் திறந்து
பத்துவெள்ளித் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.
எண்ணிக்கை தவறாமல்
தலையை மட்டும், ஒரு அரசன் சாய்க்கிற அளவு,
சாய்த்தாள்.

நாற்பது வெள்ளி குறைந்தது.
ஞாயிறு கழித்துத் தருவதாகச் சொன்னாள்.
ரசீதில் ஒரு பெயருக்குத்தான் இடம் உண்டு.
ஞான் என்று அடித்தேன்.