சிட்டையில் இல்லாதது

பாத்திரங்களை எண்ணி எடுத்துக்கொண்டு போனார்கள்.
கல்யாணத்தன்று வந்த சாமான் சிட்டை,
நான்காய் மடித்த பழுப்புத் தாள்,
உண்ணாமலையின் அண்ணன் வாசிக்க வாசிக்க
அண்டா, அடுக்கு, தூக்குவாளி, பணியாரக் கல்
ஒவ்வொன்றாய் டெம்போவில் ஏறின.
குக்கர் மட்டும் அதில் இல்லை.
அது நாங்கள் இருவரும்
காரைக்குடியில் தவணைக்கு வாங்கியது.

அதன் குண்டு மட்டும் எந்த டப்பாவிலோ விழுந்து
அவளோடு போய்விட்டது.
தேவகோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம்
அறுபது ரூபாய்க்கு வேறொன்று வாங்கினேன்.
அவசரக்காரக் குண்டு.
அரிசி விழிக்கும் முன்பே கூவிவிடும்.

சனிக்கிழமைகளில் தேனம்மை வருவாள்.
ஒரு சனி, பையில் மாவுப் பொட்டலம்.
பேன்கேக். படம் போட்டிருந்தது:
ஒன்றன்மேல் ஒன்றாய் மூன்று தடித்த தோசைக் குட்டிகள்,
விளிம்பிலிருந்து பழுப்பாய் ஒரு வழிசல்.
"அந்த சிரப் வேணும்ப்பா."
தேன் ஊற்றிக்கொள்ளேன் என்றேன்.
"தேன் வேணாம். ஸ்கூல்ல என்னைய அப்படித்தான் கூப்பிடுறாங்க."

தபால் ஆபீசில் எனக்குப் பார்சல் பிரிவு.
தை மாதம், கனடாவிலிருந்து வந்த பெட்டியொன்று
சாக்குக்குள்ளேயே உடைந்து ஒழுகி
பதிவுத் தபால் கட்டு வரை பிசுபிசுத்தது.
போஸ்ட்மேன் சேவுகன் மூக்கை உறிஞ்சினார்:
"யாரு வீட்லயோ வெந்தயம் வறுக்கிறாக."
பெட்டியின் மேல் ஒரு சிவப்பு இலை.
சாயங்காலம் வரை என் சட்டைக் கையில் இருந்தது
அந்த வாசனை.

அதை நம்பி இறங்கினேன்.
வெல்லம், வெந்தயம், தண்ணீர்
மூன்றையும் ஒன்றாய்ப் போட்டு மூடினேன்.
பாகு பொங்கி ஏறித் துவாரத்தை அடைத்தது.
அவசரக்காரக் குண்டு வாயே திறக்கவில்லை.
சத்தமில்லாத சமையலறையை எனக்குத் தெரியும்.
பிள்ளையைக் கூடத்துக்கு அனுப்பினேன்.
வால்வு பிய்த்துக்கொண்டு போனது.
கூரையில் கறை இன்னும் இருக்கிறது.
எறும்புகள் தலைகீழாய் விருந்துக்குப் போய்வருகின்றன.

மறு சனி புத்தி வந்தது.
வறுத்த வெந்தயம் இரண்டு கரண்டி,
நாலு டம்ளர் தண்ணீர்,
அழுத்தத்துக்கு அவ்வளவுதான்.
மூன்று விசில்.
ஆவி தானாய் அடங்கும்வரை மூடியைத் தொடவில்லை.
(இதைப் பதினோரு வருஷம் முன்பே
யாராவது சொல்லியிருக்கலாம்.)
வடிகட்டிய கசப்பில் நாட்டுச் சர்க்கரையைக் கொட்டி,
ஒரு சிட்டிகை உப்பு,
திறந்த வாணலியில் கிண்டிக்கொண்டே இருந்து
கம்பிப்பதத்துக்குச் சற்று முன்னால் இறக்கினேன்.

தேனம்மை முதலில் முகர்ந்தாள்.
"அம்மா தலைக்கு ஊத்திக்கிற நாள் வாசனை."
பிறகு ஒன்றும் பேசாமல் ஐந்து தின்றாள்.
ஆறாவதால் தட்டை வழித்தாள்.

மிச்சத்தை ஊறுகாய் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன்.
பிள்ளைக்குத்தான்.

அடுத்த வாரம் பாட்டில் திரும்பி வந்தது,
கழுவி, துடைத்து, மூடி இறுக்கி.
வெறும் பாத்திரமாய்த் திருப்பக் கூடாதென்பது
அவர்கள் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டிலும்.
உள்ளே, பழைய குண்டு.

"அம்மா எதாச்சும் சொன்னாங்களா?"
"கசக்குதுன்னாங்க.
அப்பறம் இன்னொரு கரண்டி எடுத்துக்கிட்டாங்க."

திங்கள்கிழமை, கவுண்டர் திறக்கும் முன்
பார்சல் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன்.
புதியது அறுபத்தொன்று.
பழையது எண்பத்து நான்கு கிராம்.
எடை ஏறியதும் திரை வழக்கம்போல் கேட்டது:
சேருமிடம்.
ஆறு கட்டங்கள்,
முதல் கட்டத்தில் ஒரு கோடு
விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.