இன்னும் படத்தில் இல்லை

மாதகலுக்கு வெளியே, ஒன்பது பாகத்தில்
ஒரு பஸ் நிற்கிறது.
கண்ணாடி கழற்றி, எண்ணெய் கழுவி
கிரேனால் இறக்கினார்கள்.
"மிதிபலகையில் பயணம் தடை" என்ற எழுத்தை மட்டும்
யாரும் சுரண்டவில்லை.

சித்திரைக் கடைசியில் அதற்குள்
ஆயிரத்து இருநூறு கலவாய்க் குஞ்சுகளை விட்டோம்.
பொலித்தீன் பைகளில் காற்றடைத்து,
ஈரச் சாக்கு மூடி, அருளப்புவின் படகில்.
ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்.

இப்போது நான் குருநகரில், மாடி அறையில்
மின்விசிறிக்குக் கீழ் இருந்து கடல் பார்க்கிறேன்.
மூன்று கமரா. ஓட்டுநர் இருக்கையில் ஒன்று.
என் வேலை, மீனைச் சுற்றிச் சதுரம் கீறிப்
பக்கத்தில் பெயர் எழுதுவது.
போதுமான சதுரம் கொடுத்தால்
இயந்திரம் தானாக எண்ணும் என்றார்கள்.

எண்ணுகிறது.
ஒரு யன்னலால் போய் மறு யன்னலால் வந்த
ஒரே ஓராவைப் பதினேழு ஓரா என்கிறது.
ஒற்றைச் செருப்பைக் கலவாய் என்றது,
தொண்ணூற்றொரு வீதம் நிச்சயமாம்.
அருளப்பு சிரித்தார்:
"என்ரை மருமோனும் உப்பிடித்தான்,
பிழையெண்டாலும் உறுதியாச் சொல்லுவான்."

சோளகம் எழும்பிய கிழமை கடல் கலங்கிப் போனது.
அறிக்கையில் இயந்திரம் இரண்டு நிரல் போட்டது.
கண்டவை: நூற்றெட்டு.
காணாமல் போனவை: ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு.

யார் செய்த மொழிபெயர்ப்போ.
கீழே கடை வைத்திருக்கும் திரேசம்மா
மாதம் தவறாமல் முப்பதாம் திகதி
சட்டம் போட்ட ஒரு படத்தோடு பஸ் ஏறுகிறவர்.
மூன்று மணிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தால்
என் திரையையும் ஒருதரம் பார்ப்பார்.

அந்தச் சொல்லை அழித்தேன்.
அதன் இடத்தில்
இன்னும் படத்தில் இல்லை
என்று எழுதினேன்.
நிரல் அகலம் காணவில்லை, இழுத்து விட்டேன்.

மாலை ஆறரைக்கு, விளக்கு எரிந்தபடியே
ஓட்டுநர் இருக்கைப் படம் இருண்டது.
பூச்சியம், என்றது இயந்திரம்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
வில்லையோடு ஒட்டி நின்றது ஒரு விலா,
அதில் மங்கலாய்ப் புள்ளிகள்.
அவ்வளவு கிட்ட வந்ததால்தான் அதற்குத் தெரியவில்லை.

படம் முழுவதையும் ஒரு சதுரத்தில் அடைத்தேன்.
கலவாய். குஞ்சு. ஒன்று.
"உறுதியா?" என்று கேட்டது.

ஓம் அழுத்த முன்னம் கரண்ட் நின்றது.
கீழே திரேசம்மா
லாச்சியை இழுத்து மெழுகுதிரி தேடும் சத்தம்.