முன்கதவு

விளம்பரத்தை நான்தான் எழுதினேன்.
கொள்ளுப்பிட்டி, மூன்றாம் மாடி, இலக்கம் ஒன்பது.
உயர்ந்த கூரை, பர்மாத் தேக்கு, கடற்காற்று.
கடற்காற்று யன்னல் கொழுவிகளைத் தின்பதை எழுதவில்லை.
லிஃப்ட் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்
நல்ல குணமாக இருப்பதையும்.

இன்று செவ்வாய் அல்ல.
அசரப்பா தம்பதியர் படியேறி வருகிறார்கள்.
அவருக்கு மூச்சு வாங்குகிறது.
அறுபத்து நாலு, என்கிறா அவ,
படிகளைக் கட்டியவள் நான் என்பதுபோல.

தொல்பொருள் திணைக்களத்தின் கடிதத்தை வாசித்துக் காட்டுகிறேன்:
உட்சுவர்களை இடிக்கக் கூடாது.
தரையின் சிவப்புச் சீமெந்தைப் பெயர்க்கக் கூடாது.
பல்கணிக் கம்பிகளுக்குப் பச்சை,
அதிலும் இந்தப் பச்சைதான்.
ஏசி பூட்டலாம், வீதிக்குத் தெரியாமல்.
"ஆணி?"
ஆணிக்கு விண்ணப்பம், மூன்று பிரதிகளில்.

அவ சிரிக்கிறா.
சிரித்தபடியே கதவருகே குனிந்து
"இது என்ன?"

நான்கு துளைகள்.
நடுவில் தேக்கு கொஞ்சம் வெளிறி,
கைக்கடிகாரம் கழற்றிய மணிக்கட்டைப் போல.

கடிதத்தின் பின்னிணைப்பில் அவையும் உண்டு:
முன்கதவு, பழைய துளைகள் நான்கு, அடைக்கக் கூடாது.
எவரோ ஓர் உத்தியோகத்தர்
டோர்ச் அடித்து எண்ணியிருக்கிறார்.

பழைய உறுதியின் பிரதி என் பைக்குள் இருக்கிறது.
பரஞ்சோதி, நில அளவையாளர்.
வாங்கியது எழுபத்தாறில்.
விற்றது எண்பத்து மூன்று, செப்டெம்பர்.
விலை, ஒரு பழைய மொறிஸ் மைனரின் விலை.
கையொப்பம் இட்ட இடம் பருத்தித்துறை.
கோடு போட்டுப் பழகிய கை;
அந்தக் கையொப்பம் மட்டும்
கோட்டை விட்டு இறங்கியிருக்கிறது.

பதினேழு வருடமாக வீடு விற்கிறேன்.
சில வருடங்களில்
மாதத்தைச் சொன்னாலே எனக்கு விலை தெரியும்.

"ஆரோ இருந்திருக்கினம்," என்கிறேன்.
மூன்று வீதம் கொமிசன்.

அவர் குசினியில் குழாயைத் திறந்து பார்க்கிறார்.
முதலில் கறள், பிறகு தண்ணீர்.
அவ இன்னும் கதவடியில்.
"புதுப் பலகைக்கு இந்தத் துளைகளைப் பாவிக்கலாமா?"
பாவிக்கத்தான் வேணும்.
புதிதாய்த் துளைக்க அனுமதியில்லை.

சுண்டுவிரல் நுனியை ஒரு துளையில் வைத்து
அடுத்த துளை வரை சாணால் அளக்கிறா.
"எங்கட பெயர் கொள்ளுமோ தெரியேல்ல."
உதட்டுக்குள் எண்ணுகிறா:
அ, ச, ர, ப், பா.

ஐந்தெழுத்து.
கொள்ளும், என்கிறேன் உடனே.

எப்படித் தெரியும் என்று அவ கேட்கவில்லை.